வரி இறங்க இறங்க வற்றிய செக்கு

2022 ஏப்ரல் 28. பாமாயில் ஏற்றுமதிக்கு இந்தோனேசியா தடை போட்டது. சொந்த ஊரில் சமையல் எண்ணெய் விலை ஏறியதுதான் காரணம். உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெய் வரத்தும் அப்போது தடுமாறிக்கொண்டிருந்தது. இங்கே பஜ்ஜிக்கடை முதல் பிஸ்கட் ஆலை வரை கையைப் பிசைந்தார்கள். மே 23-ல் தடை விலகியது, பேச்சும் ஓய்ந்தது. ஓய்ந்திருக்கக் கூடாது.

இந்தியா தாளிக்கும் எண்ணெயில் பாதிக்கு மேல் இன்று கப்பலில்தான் வருகிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இப்படி இல்லை. 1986-ல் தொடங்கிய எண்ணெய்வித்து இயக்கம் சில ஆண்டுகளிலேயே விளைச்சலை ஏறக்குறைய இரட்டிப்பாக்கியிருந்தது. 1994-ல் பாமோலின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு நீங்கியது. வரி 65 சதவீதம். மறு ஆண்டு 30, அப்புறம் 20, 1998-ல் 15! இவ்வளவு இறங்கச் சொல்லி உலக வர்த்தக அமைப்பு கேட்கவில்லை. பாமாயிலுக்கு அங்கே இந்தியா ஒப்புக்கொண்ட உச்சவரம்பு 300 சதவீதம்.

மலிவு எண்ணெய் ஏழை வீட்டுக்கும் எட்டியதே என்பார்கள். எட்டியது; ரேஷன் பாமாயிலை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

எனக்குக் கவலை மானாவாரிக் கொல்லையைப் பற்றி. ஒரு ஹெக்டேர் செம்பனை நான்கு டன் எண்ணெய் தரும். மழையை நம்பிய நிலக்கடலை ஒரு டன்னைக்கூடத் தொடாது. விலையில் மோதினால் கடலை தோற்றுத்தான் போகும். ஆனால் விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் மல்லாட்டை போடுகிறவருக்கு எண்ணெய் மட்டுமா கிடைக்கிறது? கொடி மாட்டுக்கு, புண்ணாக்கு கறவைக்கு, வேர்முடிச்சு மண்ணுக்குத் தழைச்சத்து. கூலிக்குக் கடலை பறிக்க வருகிற பெண்கள் வீட்டுக்கும் ஒரு மடி கடலை போகும். துறைமுகத்தில் இறங்கும் டேங்கரில் இதெல்லாம் வராது.

வரியாவது ஒரு நிலையில் நிற்கிறதா? கச்சா பாமாயிலுக்கு 2018-ல் 44 சதவீதம். 2021 கடைசியில் அடிப்படை வரியே இல்லை. 2024 செப்டம்பரில் 20; 2025 மே மாத இறுதியில் 10. நகரத்தில் விலை ஏறினால் வரியைக் குறைக்கிறார்கள், களத்துமேட்டில் விலை விழுந்தால் கூட்டுகிறார்கள். ஆடிப்பட்டத்தில் விதைக்கிறவர் எதை நம்பி விதைப்பார்?

இறக்குமதியைக் குறைக்க 2021-ல் 11,040 கோடி ரூபாயில் புதிய இயக்கம் வந்தது. அதுவும் செம்பனைக்கு. காய்ப்புக்கு வர நாலு வருஷம் ஆகும், ஆண்டு முழுக்கத் தண்ணீர் வேண்டும். கிணறே இல்லாத கொல்லைக்காரர் அதை எங்கே நடுவார்?