குழந்தைக்குள் ஒரு கணப்பு

"கொழுப்பு" என்னும் சொல்லுக்கு நம்மிடையே நல்ல பெயர் கிடையாது. வாய்த்துடுக்குள்ள பையனைப் பார்த்து, "என்ன கொழுப்பு இவனுக்கு!" என்கிறோம். ஆனால் பிறந்த சிசுவைக் குளிரிலிருந்து காப்பதில் பெரும் பங்கு ஒருவகைக் கொழுப்பினுடையதுதான் என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும்.

குளிர் தாக்கினால் நமக்கு உடல் நடுங்குகிறது; பற்கள் தந்தியடிக்கின்றன. தசைகளை ஆட்டி உஷ்ணம் உண்டாக்கச் சரீரம் கையாளும் உபாயம் அது. பச்சைக் குழந்தைக்கோ இவ்விதம் நடுங்கத் தெரியாது. கருப்பையின் வெதுவெதுப்பில் வளர்ந்த அது, ஈர உடம்புடன் வெளிவந்த கணமே உஷ்ணத்தை இழக்கத் தொடங்குகிறது. அப்போது அதன் தோள்பட்டைகளின் நடுவிலும் கழுத்திலும் சிறுநீரகங்களைச் சுற்றிலும் இருக்கும் பழுப்புக் கொழுப்பு விழித்துக்கொள்கிறது.

சாதாரண வெள்ளைக் கொழுப்பு நெற்களஞ்சியம் போன்றது. சேமிப்பதே அதன் முக்கியத் தொழில். பழுப்புக் கொழுப்போ அடுப்பு. அதன் ஜீவ அணுக்களில் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணிய உலைகள் நெருங்கிக் கிடக்கின்றன. அவற்றிலுள்ள இரும்புச் சத்தே பழுப்பு நிறத்துக்குக் காரணம். உலையில் உணவு எரியும்போது ஹைட்ரஜன் துகள்கள் ஒரு சவ்வின் அப்புறத்தில், அணையில் வெள்ளம்போல் தேங்குகின்றன. மற்ற அணுக்களில் அந்த வெள்ளம் ஒரு யந்திரத்தைச் சுழற்றி, உடலின் வேலைகளுக்குச் சக்தி தருகிறது. இங்கேயோ, குளிர் என்ற செய்தி நரம்பு வழியே வந்ததும் யு.ஸி.பி. 1 என்னும் புரதம் மதகைத் திறந்துவிடுகிறது. யந்திரம் சுழலாமலே வெள்ளம் பாய, சக்தி உஷ்ணமாக வெளிப்படுகிறது. பன்றி இனம் இந்தப் புரதத்தை இழந்துவிட்டது. ஆகவே அதன் குட்டிகள் நடுங்கியே பிழைக்கவேண்டும்.

ஸ்விட்ஸர்லாந்துப் பண்டிதர் கான்ராட் கெஸ்னர் 1551-லேயே மலை அணிலினமான மர்மாட்டிடம் இப்பொருளைக் கண்டு, கொழுப்பா மாமிசமா என்று தீர்மானிக்க இயலாமல் திகைத்தார். வளர்ந்த மனிதரிடமும் இது உயிர்ப்புடன் இருப்பதை 2009-ல் வெளியான ஆராய்ச்சிகள் உறுதிப்படுத்தின. உடனே உடல் இளைக்க வழி பிறந்தது என்று சிலர் ஆனந்தப்பட்டார்கள். பெரியவர்களிடம் உள்ள அளவு சொற்பம். அதை நம்பி இன்னொரு ஜாங்கிரிக்குக் கை நீட்ட வேண்டாம்!

கவலைக்குரியவை குறைமாதக் குழந்தைகள். இக்கொழுப்பு பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலேயே சேர்வதால் அவற்றிடம் விறகு குறைவு. எரிப்பதற்குப் பிராணவாயுவும் வேண்டும். அவற்றின் இளம் நுவையீரலோ பலவீனமானது. ஆகவேதான் எந்தச் சிசுவையும் பிறந்தவுடன் ஈரம் போகத் துடைத்து, தலையை மூடி, தாயின் வெறும் மார்பின்மேல் கிடத்தச் சொல்கிறார்கள் டாக்டர்கள். முதல் ஸ்நானத்தை 24 மணி நேரம் தள்ளிவைக்கும்படி உலக சுகாதார ஸ்தாபனமும் கூறுகிறது. வெந்நீர் அண்டாவுடன் காத்திருக்கும் பாட்டிமார் ஒருநாள் பொறுத்தருள வேண்டும்.