யூஎஸ்பி போர்ட் வேலை செய்யலையா? காசு செலவழிக்கும் முன் இந்த வரிசையில் சோதித்துப் பாருங்க

இன்று 20ஆம் தேதி என்று வைத்துக்கொள்வோம். மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்யும் நிறுவனங்களுக்குக் கடைசி நாள். கம்பெனியின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை, அதாவது டிஎஸ்சி-யை, கம்ப்யூட்டரில் செருகுகிறீர்கள். ‘யூஎஸ்பி டிவைஸ் நாட் ரெகக்னைஸ்டு’ என்று திரையின் மூலையில் ஒரு செய்தி வருகிறது. கழற்றி மறுபடி செருகினாலும் அதே செய்திதான்.

இந்த இடத்தில் நம்மில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்வோம். கண்ணில் படும் பட்டனை எல்லாம் அழுத்திப் பார்ப்போம். இல்லையென்றால் ‘மதர்போர்டு போச்சு’ என்று முடிவு கட்டி, சிபியு-வைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். முதலாவதில் டேட்டா போகலாம். இரண்டாவதில் பணம் போகலாம்.

பழுது இருக்கக்கூடிய இடங்கள் ஐந்துதான்: செருகும் பொருள், கேபிள், போர்ட், மின்சாரம், விண்டோஸ். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால், எது என்று வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். செலவே இல்லாத சோதனைகளில் இருந்து தொடங்குவோம்.

எதை அழுத்தக் கூடாது?

பென் டிரைவையோ ஹார்டு டிஸ்க்கையோ செருகியதும் ‘ஃபார்மட் செய்ய வேண்டும்’ என்று விண்டோஸ் கேட்டால், கேன்சல் கொடுங்க. விண்டோஸால் அதன் ஃபைல் அமைப்பைப் படிக்க முடியவில்லை என்பதுதான் அந்தச் செய்தியின் பொருள். உள்ளே உங்கள் ஃபைல்கள் அப்படியே இருக்க வாய்ப்பு உண்டு. ஃபார்மட் செய்து, அதன் மேல் புதிதாக எதையாவது எழுதிவிட்டால் மீட்பது கடினம்.

முதலில் வேறொரு கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்க. அங்கே திறந்தால், வேறு எந்தச் சோதனையும் வேண்டாம். முக்கியமான ஃபைல்களை உடனே காப்பி எடுத்துவிடுங்கள். ஹார்டு டிஸ்க்கில் இருந்து ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்தால் உடனே கழற்றிவிட வேண்டும். அந்த நிலையில் திரும்பத் திரும்பச் செருகிப் பார்ப்பது சேதத்தை அதிகமாக்கும். ஃபைல்கள் முக்கியம் என்றால் டேட்டா ரெகவரி செய்பவரிடம்தான் போக வேண்டும்.

டிஎஸ்சி டோக்கனுக்குக் கூடுதல் எச்சரிக்கை தேவை. கையெழுத்துக்கான ரகசியச் சாவி அந்த டோக்கனுக்குள் மட்டுமே இருக்கும். அதை வெளியே காப்பி எடுக்க முடியாது. டோக்கனின் மென்பொருளில் ‘இனிஷியலைஸ்’ என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் உள்ளே இருக்கும் சான்றிதழ் அழிந்துவிடும். மீண்டும் அடையாளச் சரிபார்ப்பு செய்து புதிதாக வாங்க வேண்டி வரும். பாஸ்வேர்டைப் பலமுறை தவறாகப் போட்டாலும் டோக்கன் லாக் ஆகிவிடும்.

பழுது பொருளிலா, போர்ட்டிலா?

இதற்கு ஒரே விதிதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேபிளையும் போர்ட்டையும் சேர்த்து மாற்றிவிட்டால், வேலை செய்தாலும் எது காரணம் என்று தெரியாமலே போய்விடும்.

• பொருள் எந்தக் கம்ப்யூட்டரிலும் வேலை செய்யவில்லை: பழுது அந்தப் பொருளில், அல்லது அதன் கேபிளில்.
• ஒரு குறிப்பிட்ட போர்ட்டில் மட்டும் எதைச் செருகினாலும் வேலை செய்யவில்லை: பழுது அந்தப் போர்ட்டில்.
• கேபினட்டின் முன்பக்க போர்ட்கள் எல்லாமே இல்லை, பின்பக்கம் சரியாக இருக்கிறது: கேபினட்டுக்குள் முன்பக்க போர்ட்டையும் மதர்போர்டையும் இணைக்கும் வயர் தளர்ந்திருக்கலாம்.
• எல்லா போர்ட்டும் இல்லை: விண்டோஸ், எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு மூன்றில் ஒன்று.

மூன்றாவது நிலை டெஸ்க்டாப்பில் அடிக்கடி வருவது. பின்பக்க போர்ட்கள் நேராக மதர்போர்டிலேயே பொருத்தப்பட்டவை. முன்பக்கத்துக்கு ஒரு வயர் போகிறது. கம்ப்யூட்டரை இடம் மாற்றினாலோ, ரேம் மாற்றக் கேபினட்டைத் திறந்தாலோ அந்த வயர் தளரலாம். அதனால் வெப்கேம், ஹார்டு டிஸ்க், பிரிண்டர், டோக்கன் எதுவாக இருந்தாலும் சோதனையைப் பின்பக்கத்தில் இருந்து தொடங்குங்க.

கேபிளையும் சந்தேகப்படுங்கள். சார்ஜ் செய்ய மட்டும் தயாரிக்கப்பட்ட கேபிள்கள் நிறைய உண்டு. அவற்றில் மின்சாரம் போகும் இரண்டு வயர் இருக்கும், டேட்டா போகும் வயர்கள் இருக்காது. போன் சார்ஜ் ஆகிறது, ஆனால் கம்ப்யூட்டரில் தெரியவில்லை என்றால் முதல் சந்தேகம் அதன் மேல்தான். நீளமும் முக்கியம்: யூஎஸ்பி 2.0 கேபிளுக்கு வரம்பு 5 மீட்டர். அறையின் அந்தக் கோடியில் இருக்கும் பிரிண்டருக்கு எக்ஸ்டென்ஷன் மேல் எக்ஸ்டென்ஷன் போட்டால், பாதி பிரிண்டில் நிற்கத்தான் செய்யும்.

ஒரு போர்ட் மட்டும் சந்தேகம் என்றால், கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, செல்போன் டார்ச்சை அடித்து உள்ளே பாருங்க. தூசியை ஏர் புளோயரால் ஊதி எடுங்க. குண்டூசி, ஹேர்பின் வேண்டாம். உள்ளே பின் வளைந்திருந்தால் அந்தப் போர்ட்டை இனிப் பயன்படுத்தாதீர்கள். ஷார்ட் ஆனால் அடுத்து செருகும் பொருளும் போகும்.

போர்ட்டில் எவ்வளவு கரண்ட் வரும்?

பழுதே இல்லாமல் வரும் பிரச்னை இது. எல்லாம் நன்றாக இருக்கும், கரண்ட் மட்டும் போதாது.

யூஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று 5 வோல்ட்டில் அதிகபட்சம் 500 மில்லி ஆம்பியர் தர வேண்டும் என்பது விதி. 3.0 போர்ட்டுக்கு அது 900. பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் கறுப்பு நிறப் போர்ட் 2.0, நீல நிறம் 3.0.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. தனி அடாப்டர் இல்லாத, 4 போர்ட் கொண்ட 2.0 ஹப் ஒன்றை வாங்கிச் செருகுகிறீர்கள். கம்ப்யூட்டரில் இருந்து அதற்குக் கிடைப்பது 500. அதில் 100-ஐ ஹப் தனக்கு எடுத்துக்கொள்ளும். மீதி 400-ஐ நான்காகப் பிரித்தால், ஒரு போர்ட்டுக்கு 100 மில்லி ஆம்பியர். கீபோர்டுக்கும் மவுஸுக்கும் அது போதும். பாக்கெட் ஹார்டு டிஸ்க்குக்கு எந்த வகையிலும் போதாது. அது சுற்றத் தொடங்கும், நிற்கும், மறுபடி தொடங்கும். நீங்கள் டிஸ்க் போய்விட்டது என்று நினைப்பீர்கள்.

ஆகவே ஹார்டு டிஸ்க், வெப்கேம் போன்றவற்றை ஹப்பில் இருந்து எடுத்து நேராகப் பின்பக்க நீலப் போர்ட்டில் செருகுங்க. ஹப் கட்டாயம் தேவை என்றால், தனி அடாப்டர் உள்ள ஹப்பாக வாங்குங்க.

‘பவர் சர்ஜ் ஆன் தி யூஎஸ்பி போர்ட்’ என்று செய்தி வந்தால், செருகிய பொருள் அளவுக்கு மேல் கரண்ட் இழுத்திருக்கிறது, அதனால் போர்ட் அணைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். உடனே கழற்றுங்கள். அதே பொருளை அடுத்த போர்ட்டில் போட்டுப் பார்க்கும் ஆசை வேண்டாம்.

விண்டோஸ் பக்கம் என்ன பார்க்க வேண்டும்?

முதல் வேலை ரீஸ்டார்ட். ‘ஷட் டவுன் பண்ணி ஆன் பண்ணிட்டேனே’ என்கிறீர்களா? இரண்டும் ஒன்றில்லை. விண்டோஸ் 8-இல் இருந்து ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி இருக்கிறது. அது ஆனில் இருந்தால், ஷட் டவுன் செய்யும்போது சிஸ்டத்தின் ஒரு பகுதி அப்படியே டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அங்கிருந்தே எழும். சிக்கிக்கொண்ட டிரைவரும் அதே நிலையில் திரும்பி வரலாம். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாக ஏறும்.

சரியாகவில்லை என்றால் முழுதாக அணைத்து, பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனை 15 விநாடி அழுத்திப் பிடியுங்கள். மதர்போர்டில் தங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பிறகு பிளக்கை மாட்டி ஆன் செய்யுங்க.

அடுத்தது டிவைஸ் மேனேஜர். விண்டோஸ் கீ, எக்ஸ் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் வரும் பட்டியலில் இருக்கும். மஞ்சள் முக்கோணம் உள்ள வரியை இருமுறை கிளிக் செய்தால் ஒரு எண் தெரியும்.

• கோட் 28: டிரைவர் இன்ஸ்டால் ஆகவில்லை. தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்தில் இருந்து மட்டும் டவுன்லோடு செய்யுங்க.
• கோட் 10: பொருளைத் தொடங்க முடியவில்லை. டிரைவரை மாற்றிப் பார்க்கலாம்.
• கோட் 43: பொருள் தன்னிடம் கோளாறு இருப்பதாகத் தெரிவித்ததால் விண்டோஸ் அதை நிறுத்தியிருக்கிறது. வேறு கம்ப்யூட்டரிலும் இதே எண் வந்தால் பழுது பொருளில்தான்.

அந்த வரியில் ரைட் கிளிக் செய்து ‘அன்இன்ஸ்டால்’ கொடுத்து, மேலே ‘ஸ்கேன் ஃபார் ஹார்டுவேர் சேஞ்சஸ்’ அழுத்தினால் டிரைவர் மறுபடி ஏறும். மஞ்சள் குறி உள்ளதை மட்டும் நீக்குங்கள். யூஎஸ்பி பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் நீக்கினால் கீபோர்டும் மவுஸும் சேர்ந்தே நின்றுவிடும்.

சிறிது நேரம் வேலை செய்து, பிறகு தானாகத் துண்டிக்கப்படுகிறதா? மின்சாரம் மிச்சப்படுத்த விண்டோஸ் போர்ட்டைத் தூங்க வைக்கலாம். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் போய் ‘யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்’ என்பதை ஆஃப் செய்யுங்க.

விண்டோஸா, ஹார்டுவேரா என்று இன்னும் குழப்பமா? கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே டெலீட் அல்லது எஃப்2 கீயைத் தட்டி பயாஸ் திரைக்குப் போங்க. அங்கே விண்டோஸ் கிடையாது. அங்கே கீபோர்டு வேலை செய்து, விண்டோஸுக்குள் வந்ததும் நின்றால், போர்ட் நன்றாகவே இருக்கிறது.

இதற்கு நேர் உதாரணம் உண்டு. 2025 அக்டோபர் 14 அன்று வெளியான விண்டோஸ் 11 அப்டேட்டுக்குப் பிறகு, ரெகவரி திரையில் மட்டும் யூஎஸ்பி கீபோர்டும் மவுஸும் வேலை செய்யாமல் போயின. சாதாரணமாக விண்டோஸுக்குள் அதே கீபோர்டு, அதே போர்ட் சரியாக இயங்கின. அக்டோபர் 20 அன்று மைக்ரோசாஃப்ட் தனி அப்டேட் வெளியிட்டு அதைச் சரிசெய்தது. அந்த வாரத்தில் போர்ட்டை மாற்றியிருந்தால் அது வீண் செலவு.

டோக்கனில் விளக்கு எரிகிறது, ஆனால் கையெழுத்து ஆகலையா?

விளக்கு எரிந்தால் கரண்ட் போகிறது. அடுத்து டோக்கனோடு வந்த மென்பொருளைத் திறந்து பாருங்க. அதில் சான்றிதழ் தெரிந்தால் யூஎஸ்பி-யில் எந்தக் குறையும் இல்லை. ஜிஎஸ்டி தளத்தில் கையெழுத்திட ‘எம்சைனர்’ என்ற தனி மென்பொருள் பின்னணியில் ஓட வேண்டும். அதை மூடிவிட்டு, ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்து மறுபடி திறந்து பாருங்க.

வயர்லெஸ் மவுஸ் தடுமாறுதா?

பேட்டரி மாற்றியும் மவுஸ் விட்டு விட்டு நகர்ந்தால், அதன் ரிசீவர் எங்கே இருக்கிறது என்று பாருங்க. யூஎஸ்பி 3.0 இயங்கும்போது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் உண்டாகிறது என்று இன்டெல் 2012-இல் வெளியிட்ட ஆய்வறிக்கையிலேயே சொல்லியிருக்கிறது. பெரும்பாலான வயர்லெஸ் மவுஸ்கள் அதே அலைவரிசையில்தான் இயங்குகின்றன. 3.0 ஹார்டு டிஸ்க்குக்குப் பக்கத்திலேயே ரிசீவர் இருந்தால் சிக்னல் அடிபடும். ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிளில் ரிசீவரைத் தள்ளி வைத்தால் போதும்.

கேபினட்டைத் தொட்டால் சுரீர் என்கிறதா?

இதை அலட்சியம் செய்யாதீர்கள். எர்த்திங் சரியாக இருந்தால் டெஸ்க்டாப்பின் இரும்பு உடம்பில் மின்சாரம் இருக்காது. எர்த் இல்லாதபோது, எஸ்எம்பிஎஸ்-க்குள் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் கெப்பாசிட்டர்கள் வழியாக, நம் 230 வோல்ட்டில் சுமார் பாதி கேபினட்டில் வந்து நிற்கும். கசியும் கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுரீர் என்பதோடு நின்றுவிடுகிறது. ஆனால் யூஎஸ்பி போர்ட்டின் உலோக உறையும் அந்தக் கேபினட்டோடுதான் இணைந்திருக்கிறது. ஒழுங்காக எர்த் செய்யப்பட்ட பிரிண்டர் ஒன்றை அதில் செருகும்போது, அந்தக் கசிவு யூஎஸ்பி கேபிள் வழியே பாயும். போர்ட்டும் பிரிண்டரும் சேதமடைய அது ஒரு காரணம்.

மூன்று பின் பிளக்கில் மேலே இருக்கும் பெரிய பின்தான் எர்த். டூ-பின் கன்வெர்ட்டர், எர்த் வயரே இல்லாத எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இரண்டையும் முதலில் எடுத்துவிடுங்கள். பிறகும் ஷாக் அடித்தால் கூப்பிட வேண்டியது எலக்ட்ரீஷியனை. கசிவு இருக்கும் வரை எத்தனை போர்ட் மாற்றினாலும் பிரச்னை திரும்ப வரும், உயிருக்கும் ஆபத்து.

ஆபீஸ் கம்ப்யூட்டரா?

கீபோர்டு, மவுஸ் எல்லாம் வேலை செய்து, பென் டிரைவ் மட்டும் வரவில்லை என்றால் உங்கள் நிறுவனமே அதைத் தடுத்திருக்கலாம். வங்கிகளிலும் ஐடி நிறுவனங்களிலும் இது வழக்கம். ரெஜிஸ்ட்ரியில் கை வைக்காமல் ஐடி டீமிடம் கேட்டுவிடுங்கள். மீறினால் அது ஒழுங்கு நடவடிக்கை வரை போகலாம்.

எப்போது கடைக்குப் போகலாம்?

பயாஸ் திரையிலும் எந்தப் போர்ட்டும் இயங்கவில்லை, பின் வளைந்திருக்கிறது, கருகிய வாசனை வருகிறது. இந்த மூன்றில் ஒன்று இருந்தால் தாமதிக்காமல் போங்க. ஓரிரு போர்ட் மட்டும் போயிருந்தால், மதர்போர்டை மாற்றச் சம்மதிக்கும் முன் ‘பிசிஐ எக்ஸ்பிரஸ் யூஎஸ்பி கார்டு போட முடியுமா?’ என்று கேளுங்கள். மதர்போர்டில் காலி ஸ்லாட் இருந்தால் அந்தக் கார்டைச் செருகி, புதிதாகச் சில போர்ட்களைப் பெறலாம். மதர்போர்டு விலையோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு.

போகும்போது நீங்கள் செய்த சோதனைகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்க: எந்தப் போர்ட், எந்தப் பொருள், என்ன கோட் எண், பயாஸில் வேலை செய்ததா. மெக்கானிக்குக்குப் பாதி வேலை மிச்சம். ‘போர்டு போயிடுச்சு சார்’ என்று அவர் சொன்னால், எந்தச் சோதனையில் அது தெரிந்தது என்று கேட்க உங்களுக்கும் ஒரு பிடி இருக்கும்.