ராட்வீலர் என்றாலே பயப்பட வேண்டுமா?

பெங்களூரு தொம்மலூரில் இருபதுக்கு முப்பது மனையில் மூன்று மாடி எழுப்பி, ஆளுக்கொரு தளமாக வாடகைக்கு விட்டிருக்கும் தெருக்கள் நிறைய. அங்கே ஒரு வீட்டில் பெரிய நாய் வாங்கினால், அது அந்த வீட்டோடு நிற்காது. எல்லாருக்கும் ஒரே கேட், ஒரே படிக்கட்டு. "மேல் வீட்டுல ராட்வீலர் வந்திருக்கு. பிள்ளையைத் தனியா படியில விடலாமா?" என்று கீழ் வீட்டுக்காரர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. "நாய் எல்லாம் ஒண்ணுதான், வளர்ப்புலதான் இருக்கு" என்று சொல்லி அவரை அனுப்பிவிட முடியாது. "அந்த ஜாதியே அப்படித்தான்" என்று பயமுறுத்துவதும் சரியில்லை.

ஒரு நாய் கடிக்குமா என்பதை அதன் இனத்தை வைத்துச் சொல்வது கடினம். கடித்தால் எவ்வளவு சேதம் ஆகும் என்பதை ஓரளவு சொல்லிவிடலாம். இவை இரண்டும் வேறு வேறு கேள்விகள். நம் ஊரில் நடக்கும் விவாதம் பெரும்பாலும் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறது.

சட்டமும் இந்தக் குழப்பத்துக்குத் தப்பவில்லை. 2024 மார்ச் 12 அன்று மத்திய கால்நடை பராமரிப்புத் துறை எல்லா மாநிலங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. பிட்புல், ராட்வீலர், அமெரிக்கன் புல்டாக், டோகோ அர்ஜெண்டினோ, கேன் கோர்சோ என 23 இனங்களின் இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனை ஆகியவற்றைத் தடுக்க வேண்டும், ஏற்கெனவே வீடுகளில் உள்ளவற்றுக்குக் கருத்தடை செய்ய வேண்டும் என்றது. பட்டியலைப் படித்தவர்களுக்கு ஆச்சரியம். ஜப்பானிய டோசா அதில் இரண்டு இடங்களில் வந்தது. 'டெரியர்கள்' என்று ஒரு பெரிய கூட்டத்தையே ஒற்றைச் சொல்லில் சேர்த்திருந்தார்கள். கைப்பையில் அடங்கும் நாய்களும் அந்தப் பெயருக்குள் வரும். ஆனால் ஜெர்மன் ஷெப்பர்டும் டாபர்மேனும் அதில் இல்லை.

விதான சௌதாவுக்கு எதிரே இருக்கும் கர்நாடக உயர் நீதிமன்றம் ஒரு வாரத்துக்குள் அந்தச் சுற்றறிக்கைக்குத் தடை விதித்தது. ஏப்ரல் 10 அன்று நீதிபதி எம். நாகபிரசன்னா அதை ரத்தே செய்துவிட்டார். சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து ஆலோசிக்காமல் முடிவெடுத்தது தவறு, முறைப்படி எல்லாரையும் கேட்டபின் அரசு புதிதாக ஆணை கொண்டுவரலாம் என்பது தீர்ப்பின் சாரம். இதை "இந்த நாய்கள் ஆபத்தில்லை என்று கோர்ட்டே சொல்லிவிட்டது" என்று சிலர் பரப்பினார்கள். நீதிமன்றம் ரத்து செய்தது, ஆணை பிறந்த முறைக்காக. நாய்களுக்கு நற்சான்றிதழ் எதுவும் தரவில்லை.

அடுத்த மாதமே சென்னை அதிர்ந்தது. 2024 மே 5 அன்று ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர்கள் குதறின. நாய்களின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார். சில நாட்களில் தமிழக அரசு 23 இனங்களுக்குத் தடை அறிவித்து, நீதிமன்ற நிலவரத்தால் உடனே திரும்பப் பெற்றது. 2025 ஆகஸ்டில் அதே சென்னையின் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் கடித்து ஒருவர் இறந்தார். அந்த ஆண்டு டிசம்பரில் சென்னை மாநகராட்சி பிட்புல், ராட்வீலர் இரண்டுக்கும் புதிய உரிமம் தருவதை நிறுத்தியது. இதற்கெல்லாம் முன்பே, 2022 ஜூலையில், லக்னோவில் 82 வயது ஓய்வுபெற்ற ஆசிரியையை அவர் வீட்டிலேயே வளர்ந்த பிட்புல் கொன்றது. இந்தச் செய்திகளைப் படித்தவரிடம் "இனத்துக்குச் சம்பந்தமே இல்லை" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அறிவியல் என்ன சொல்கிறது? 2022 ஏப்ரலில் 'சயின்ஸ்' இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் குணத்தைப் பற்றி அவற்றை வளர்ப்பவர்களிடம் கேட்டு, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவையும் படித்தார்கள். ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் உள்ள குண வேறுபாட்டில் ஏறத்தாழ 9 சதவீதத்தை மட்டுமே இனம் விளக்கியது. எவ்வளவு எளிதில் ஆத்திரப்படும் என்பதில் இனத்தின் பங்கு இல்லை என்றே சொல்லலாம். உருவம், நிறம், காது மடிப்பு இவற்றை இனம் வெகுவாகத் தீர்மானிக்கிறது. கோபத்தை அப்படித் தீர்மானிக்கவில்லை.

அமெரிக்காவில் 2000 முதல் 2009 வரை நாய் கடித்து நடந்த 256 மரணங்களை ஒவ்வொன்றாக அலசிய இன்னோர் ஆய்வு 2013-இல் வெளியானது. என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். 87 சதவீத மரணங்களில், குறுக்கே புகுந்து காப்பாற்றத் தெம்புள்ள ஆள் யாரும் அருகில் இல்லை. 85 சதவீதத்தில், இறந்தவருக்கும் நாய்க்கும் பழக்கமே இல்லை அல்லது ஏதோ முகம் பார்த்த அளவுதான். 84 சதவீதத்தில் நாய்க்குக் கருத்தடை செய்யப்படவில்லை. நான்கில் மூன்று பங்கு, குடும்பத்தோடு கலந்து வளராமல் சங்கிலியிலோ கொல்லையிலோ தனியாகக் கிடந்த நாய்கள். இப்படிப்பட்ட காரணங்கள் நான்கோ அதற்கு மேலோ சேர்ந்தே இருந்தது பத்தில் எட்டு மரணங்களில். நாயின் இனத்தை உறுதியாகச் சொல்ல முடிந்ததோ 18 சதவீதத்துக்கும் குறைவு.

'பிட்புல் கடித்தது' என்று செய்தியில் வரும் நாய் உண்மையில் பிட்புல்தானா என்பதே பல நேரம் சந்தேகம். அமெரிக்கக் காப்பகங்களில் 120 நாய்களைப் பார்த்த ஊழியர்கள் 62 நாய்களைப் பிட்புல் வகை என்றார்கள். மரபணுச் சோதனையில் 25 மட்டுமே அப்படி இருந்தன. காப்பக ஊழியர்களின் கண்ணே இவ்வளவு தவறினால், தலை பெருத்து மார்பு அகன்ற எந்தக் கலப்பு நாய்க்கும் நம் தெருவில் அந்தப் பெயர் விழுவதில் வியப்பில்லை.

கெட்ட பெயரும் காலத்துக்குக் காலம் கைமாறுகிறது. நம் பெரியவர்கள் அல்சேஷன் என்று சொல்லி நடுங்கிய ஜெர்மன் ஷெப்பர்டை, ஆட்டுக்கூட்டத்தை அழித்துவிடும் என்று பயந்து ஆஸ்திரேலியா 1929 முதல் சுமார் நாற்பது ஆண்டுகள் இறக்குமதி செய்யவிடவில்லை. பிறகு டாபர்மேன் வில்லனானது, அடுத்து ராட்வீலர், பிட்புல். நம் கோம்பையும் ராஜபாளையமும் அந்நியரை அண்டவிடாத நாய்கள் என்றுதான் பேர் வாங்கின. அதை நாம் குற்றமாகச் சொல்வதில்லை, பெருமையாகச் சொல்கிறோம். 2005-இல் ராஜபாளையத்துக்கு அஞ்சல் தலைகூட வந்தது.

ஆனாலும் எல்லா நாயும் ஒன்றல்ல. ராட்வீலர் தெற்கு ஜெர்மனியின் ராட்வைல் ஊரில் மாடு ஓட்டவும் வண்டி இழுக்கவும் வளர்க்கப்பட்ட நாய். வளர்ந்த ஆண் ஐம்பது கிலோவைத் தொடும். பிட்புல்லின் முன்னோர்கள் இங்கிலாந்தில் காளையோடும், பிறகு ஒன்றோடொன்றும் மோதவிடப்பட்டவை. அதன் தாடை பூட்டிக்கொள்ளும் என்பது கட்டுக்கதை, அப்படி ஓர் அமைப்பு எந்த நாய்க்கும் கிடையாது. கவ்வியதை விடாமல் உலுக்கும் பழக்கம் மட்டும் உண்மை. ஸ்கூட்டர் ஓட்டுகிறவரும் தவறு செய்வார், லாரி ஓட்டுகிறவரும் தவறு செய்வார்; லாரிக்குத் தனி உரிமம் கேட்கிறோம். பெரிய நாய்க்கும் அப்படித்தான் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

இனத்தைத் தடை செய்த நாடுகளின் அனுபவம் ஊக்கம் தருவதாக இல்லை. 1993-இல் பிட்புல்லைத் தடை செய்த நெதர்லாந்து, கடி குறையவில்லை என்று 2008-இல் தடையை நீக்கியது. 1991-இல் நான்கு இனங்களைத் தடை செய்த பிரிட்டன், 2023 முடிவில் எக்ஸ்எல் புல்லி என்ற இன்னொன்றையும் சேர்க்க வேண்டி வந்தது. ஒரு பெயரை மூடினால் வேறு பெயரில் வேறு பெரிய நாய் வருகிறது.

படிக்கட்டுக்கு வருவோம். மேல் வீட்டு நாய் எந்த இனம் என்று விசாரிப்பதைவிட, எப்படி இருக்கிறது என்று பாருங்கள். நாளெல்லாம் மொட்டை மாடியில் கட்டிக் கிடக்கிறதா? தினமும் வெளியே நடக்கிறதா? அழைத்துப் போகிறவருக்கு அதை இழுத்து நிறுத்தத் தெம்பு உண்டா, அல்லது பத்து வயதுப் பையன் கையில் கயிறா? கருத்தடை ஆயிற்றா? குட்டியாக மூன்று மாதத்துக்குள் பல மனிதர்களையும் சத்தங்களையும் பழகியதா? உறுமினால் அடிக்கிறார்களா? கடைசிக் கேள்வி மிக முக்கியம். உறுமல் என்பது நாய் தரும் எச்சரிக்கை. அதை அடித்து அடக்கினால் நாய் எச்சரிக்காமல் கடிக்கக் கற்றுக்கொள்ளும். உடல் விறைத்து அசையாமல் நிற்பது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, வால் ஆடுவது சட்டென நிற்பது, இவையும் "தள்ளிப் போ" என்பதற்கான அடையாளங்களே. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள். தின்னும்போதும் தூங்கும்போதும் எந்த நாயையும் தொடக்கூடாது. துரத்தினால் ஓடாமல், கையை மடக்கி நிற்க வேண்டும்.

வீட்டுக்காரர் சங்கம் கூடி "இந்த நாயை விரட்டுங்கள்" என்று தீர்மானம் போட முடியாது. வளர்ப்பு நாய்களைச் சங்கங்கள் தடை செய்யலாகாது என்பது விலங்கு நல வாரியத்தின் வழிகாட்டுதல். அதே சமயம், நாயை அலட்சியமாக விட்டு ஆபத்து உண்டாக்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். பொதுப் படியில் கயிறு, பெரிய நாய்க்கு வாய்க்கூடு, எப்போதும் ஒரு பெரியவர் கையில் பிடி: இவ்வளவையும் அண்டை வீட்டார் கேட்பது நியாயமே.

புதிதாகக் குட்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக்கூடாது, விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்று நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய 2017 விதிகள் சொல்கின்றன. பதிவைக் காட்டச் சொல்லுங்கள், தாய் நாயைப் பார்க்கக் கேளுங்கள். காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

எந்த நாய் கடித்தாலும், தடுப்பூசி போட்ட வீட்டு நாயே ஆனாலும், காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்த் தூள் எதுவும் அப்பாதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய், வெறிநாய்க்கடித் தடுப்பூசியின் எல்லாத் தவணைகளையும் போட்டு முடியுங்கள்.