மெதுவாக நடப்பவர் முன்னால் போகட்டும்!

"நாளைக்குத் திருக்கழுக்குன்றம் போறோம். மலை ஏறப் போறோம். நீயும் வர்றியாம்மா?"

எங்கள் தெரு டீச்சர் மாமி இப்படிக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமிக்கு வயது 72. கூட வரும் ஐந்து பேரில் இளையவருக்கே 61. "மாமி, உங்களையெல்லாம் யார் தூக்கிக்கொண்டு இறங்குவது?" என்று கேட்டுவிட்டேன். அந்தக் கேள்விக்கு மறுநாள் என் முழங்கால்கள் பதில் சொல்லின. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த ஆறு பேர் கூட்டத்துக்குப் பெயர் கிடையாது. தலைவி, சந்தா, தீர்மானம் எதுவும் கிடையாது. டீச்சர் மாமி, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்தவர், பாங்கில் வேலை பார்த்தவர், வீட்டையே ஆபீஸாக நடத்தியவர்கள் மூவர். மாதம் ஒரு நாள், வெயில் ஏறுவதற்குள், பக்கத்தில் ஏதாவது ஒரு குன்று. ஏற்பாடு அவ்வளவுதான்.

மாம்பலத்தில் மின்சார ரெயில் ஏறினோம். செங்கற்பட்டில் இறங்கி, பஸ்ஸில் சுமார் 15 கிலோ மீட்டர் போக வேண்டும். ரெயிலிலேயே ஒரு சச்சரவு. ஓர் அம்மாள் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பதை நர்ஸ் அக்கா கண்டுபிடித்துவிட்டார்.

"தாகமே இல்லையே!"

"வயசானா தாகம் தெரியாது. அதனாலதான் தாகம் வர்றதுக்கு முன்னாலேயே குடிக்கணும்கிறது. எனக்குக் காரணம் தெரியும். போற இடத்திலே வசதி இருக்குமோ இருக்காதோன்னு பயம். அதுதானே?"

அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வாசகிகளே, நீங்களும் நானும் வெளியூர்ப் பயணங்களில் இந்தத் தந்திரத்தைச் செய்தவர்கள்தானே? நர்ஸ் அக்கா ஒவ்வோர் ஊரிலும் முதலில் விசாரிப்பது கோயில் நடை திறக்கும் நேரத்தை அல்ல. சுத்தமான கழிப்பறை எங்கே என்பதைத்தான். அடிவாரத்தில் ஒரு சிற்றுண்டி விடுதியில் காபி சாப்பிட்டது காபிக்காக மட்டும் அல்ல.

திருக்கழுக்குன்றத்து மலை சுமார் 500 அடி உயரம். உச்சியில் வேதகிரீசுவரர், அடிவாரத்தில் பக்தவத்சலேசுவரர் கோயில். ஊருக்குள் சங்கு தீர்த்தம். 12 ஆண்டுக்கு ஒரு முறை அதில் சங்கு பிறக்கும் என்பது ஐதிகம். படிகள் 500க்கு மேல். சரியான கணக்கை மட்டும் கேட்காதீர்கள். மூன்று பேர் எண்ணினார்கள். மூன்று கணக்கு வந்தது.

நான் வழக்கம்போல் விறுவிறுவென்று முன்னால் போனேன். "இந்தா, பின்னாலே வா" என்று டீச்சர் மாமி அதட்டினார். வகுப்பில் அதட்டிய குரல் இன்னும் அப்படியே இருக்கிறது. இந்தக் கூட்டத்தின் ஒரே சட்டம், எல்லாரையும்விட மெதுவாக நடப்பவர் முன்னால் போக வேண்டும் என்பது. மெதுவாக நடப்பவர் கடைசியில் வந்தால் என்ன ஆகும், பாருங்கள். முன்னால் போனவர்கள் நிழலில் உட்கார்ந்து இளைப்பாறுவார்கள். அவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும், "வந்துட்டீங்களா, புறப்படலாமா?" என்று எழுந்துவிடுவார்கள். யாருக்கு ஓய்வு அதிகம் வேண்டுமோ அவருக்குத்தான் அது கிடைக்காது.

ஆகவே பாங்க் அக்கா முன்னால் நடந்தார். வலது முழங்காலில் வலி. இடது கையில் கைத்தடி. நோகும் காலுக்கு எதிர்க்கையில்தான் தடி இருக்க வேண்டுமாம். ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்க வேண்டும். இறங்கும்போது நோகும் காலை முதலில் வைக்க வேண்டும். நர்ஸ் அக்கா சொல்லிக் கொடுத்த பாடம்.

மூன்றில் ஒரு பங்கு ஏறியதும் பாங்க் அக்கா உட்கார்ந்துவிட்டார். "எனக்கும் இவ்வளவு போதும்ப்பா" என்று டீச்சர் மாமியும் பக்கத்தில் உட்கார்ந்தார். மாமிக்கும் களைப்பு என்றுதான் நான் நினைத்தேன்.

மேலே போகும்போது நர்ஸ் அக்கா விஷயத்தை உடைத்தார். போன வருஷம் பாங்க் அக்கா ஐந்து மாதம் வரவே இல்லையாம். ஒரு மாதம் விருந்தாளி, ஒரு மாதம் பேரனுக்குப் பரீட்சை, ஒரு மாதம் காஸ் சிலிண்டர் வருகிற நாள்! கடைசியில் ஒரு நாள் நேரில் போய்க் கேட்டபோது அழுதுவிட்டாராம். முழங்கால் வலிக்காக அல்ல. 'என்னால் எல்லாருக்கும் தாமதமாகிறதே' என்ற எண்ணம்தான் அவரை வீட்டில் உட்கார வைத்திருந்தது. கணவர் காலமாகி, பிள்ளை வெளிநாட்டில். இந்த ஐந்து பேரைத் தவிர வாய்விட்டுப் பேச அவருக்கு யாரும் இல்லை.

"அன்னையிலேருந்து, யார் நின்னுட்டாலும் கூட ஒருத்தர் நிக்கிறது. முறை வெச்சிருக்கோம். இன்னைக்கு டீச்சர் முறை. அவங்க இந்த மலையை எத்தனையோ தடவை ஏறினவங்க."

உங்கள் வீட்டிலும் அம்மாவோ மாமியாரோ, "கால் வலிக்கிறது, நீங்கள் போய் வாருங்கள்" என்று சொல்லியிருக்கலாம். அடுத்த முறை கால் வலியை மட்டும் விசாரித்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள்.

உச்சியில் நல்ல காற்று. சுற்றிலும் வயலும் ஏரியும். எங்களில் இருவர், சிறு பெண்களாக வந்தபோது உச்சி வேளையில் இரண்டு கழுகுகள் இறங்கி, அர்ச்சகர் கையால் சர்க்கரைப் பொங்கல் உண்டதைப் பார்த்தவர்கள். உண்மையில் அவை மஞ்சள்முகப் பாறுகள். 1990களின் இறுதியிலிருந்து அவை வருவதில்லை. இந்தியாவில் பாறுகள் அருகியதற்கு ஒரு பெரிய காரணம், மாடுகளுக்கு வலி தீரக் கொடுத்த டைக்ளோஃபெனாக் மருந்து. அந்த மாடுகளின் சடலத்தைத் தின்ற பாறுகளின் சிறுநீரகம் கெட்டுப்போயிற்று. 2006ல் அரசாங்கம் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குக் கொடுப்பதைத் தடை செய்தது.

"அட, என் முழங்கால் களிம்பு டப்பாவிலே அதே பேர்தானே போட்டிருக்கு?" என்றார் ஓர் அம்மாள். ஆமாம், அதேதான். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

இறங்கும் வழியில் ஒருகல் மண்டபம். பல்லவர் காலத்துக் குடைவரை. 17ஆம் நூற்றாண்டில் வந்த டச்சுக்காரர்கள் அங்கே தங்கள் பெயரைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள்! சுவரில் பெயர் கிறுக்குவது நம் ஊர்ப் பையன்களின் கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்தேன்.

அதற்குள் என் முழங்கால்கள் கடகடவென்று ஆட ஆரம்பித்துவிட்டன. ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலுக்குப் பாரம். நாள் முழுதும் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறவளுக்கு இது எங்கே தெரியும்? 61 வயதுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பக்கவாட்டிலே காலை வை. அவசரமே இல்லை. நீ முன்னாலே போ" என்றார்.

முன்னால் போனேன்.

பாங்க் அக்காவும் டீச்சர் மாமியும் எங்களுக்கு முன்பே கீழே இறங்கி, சங்கு தீர்த்தக் கரையில் எலுமிச்சஞ் சாதப் பொட்டலத்தைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். எங்களுக்கு மிஞ்சியது தயிர் சாதமும் மாவடுவும்.

திரும்பும் ரெயிலில், அடுத்த மாதம் எங்கே என்று பேச்சு எழுந்தது. பாங்க் அக்கா கைப்பையிலிருந்து ஒரு சிறு நோட்டை எடுத்தார். "பரங்கிமலை. படி கம்மி. முடியாதவங்களுக்கு மேலே வரைக்கும் ரோடும் இருக்கு. இந்தப் பொண்ணுக்குச் சௌகரியமா இருக்கும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.