பதினோராம் தளத்துக் காற்று

தென்கொரியத் தலைநகர் சியோலில், குரோ என்னும் வட்டாரத்தில் 19 மாடிக் கட்டடம் ஒன்று உண்டு. கீழ்த்தளங்களில் அலுவலகங்கள், மேல்தளங்களில் குடியிருப்புகள். 11-ஆம் தளத்தில் இயங்கிய தொலைபேசி அழைப்பு மையத்தில் 216 பேர் பணிபுரிந்து வந்தனர். 2020 மார்ச் 8-ஆம் நாள் அங்கே கொரோனா நோய் கண்டிருப்பதாகச் சுகாதார அதிகாரிகளுக்குச் செய்தி எட்டியது. மறுநாளே கட்டடம் மூடப்பெற்றது. அங்கு வாழ்ந்தோர், உழைத்தோர், வந்து சென்றோர் என 1,143 பேரைச் சோதித்தனர். நோய் கண்டவர் 97 பேர். அவர்களுள் 94 பேர் அந்த ஒரே தளத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களிலும் மிகப் பலர் தளத்தின் ஒரே பக்கத்தில் நெருங்கி அமர்ந்து வேலை செய்தவர்கள்.

வாசகர்கள் இங்கே சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். எல்லாத் தளத்தாரும் ஒரே முகப்புக் கூடத்தைக் கடந்தனர். மின்தூக்கிகளில் ஒன்றாகவே ஏறி இறங்கினர். ஆயினும் 11-ஆம் தளத்திற்கு வெளியே நோயுற்றவர் மூவரே. நொடிப்பொழுது உரசிச் சென்றதைக் காட்டிலும், நாள் முழுவதும் ஒரே அறையில் ஒரே காற்றைச் சுவாசித்து, ஓயாமல் பேசிக்கொண்டிருந்ததே பெருங்கேடாயிற்று. பேசுவதுதானே அவர்களுடைய தொழில்!

இந்தப் பாடம் அப்போதே கண்முன் இருந்தது. எனினும், 2020-இன் நடுப்பகுதியில் பல நாடுகளில் அலுவலகங்கள் மீண்டும் திறக்கப்பட்டபோது நாம் கண்டது என்ன? மேசையையும் கதவுப் பிடியையும் மருந்திட்டுத் துடைத்தார்கள். வாயிலில் நின்று நெற்றியில் வெப்பம் பார்த்தார்கள். துடைப்பது கண்ணுக்குத் தெரியும் வேலை. பார்க்க வரும் மேலதிகாரிக்கும் காட்டலாம். ஆனால் இந்நோயோ, காய்ச்சல் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்னரே பிறரைப் பற்றத் தொடங்கிவிடுகிறது. நெற்றி வெப்பம் அதை எங்ஙனம் காட்டும்? அவ்வாண்டு சூலையில் 239 அறிவியலார் ஒன்றுகூடி, காற்றின் வழிப் பரவுதலைக் கருத்திற்கொள்ளுமாறு பகிரங்கமாக எழுத வேண்டியதாயிற்று.

ஓர் அறையில் காற்று தேங்கியுள்ளதா என அறிய எளிய வழி உண்டு. நாம் வெளிவிடும் மூச்சில் கரியமில வாயு ஏறத்தாழ நூற்றுக்கு 4 பங்கு. திறந்த வெளியிலோ பத்து இலட்சத்துக்குச் சற்றேறக்குறைய 420 பங்குதான். அறையில் இந்த அளவு ஏற ஏற, ஒருவர் விட்ட மூச்சையே மற்றவர் இழுக்கிறார் என்று பொருள். கைக்கடங்கும் சிறு கருவியே இதை அளந்து சொல்லும். குளிர்சாதனத்துக்காகச் சன்னல்களை அடைத்துவைக்கும் இடங்களில் இது மிகவும் வேண்டும். குளிர்விக்கும் பெட்டிகளில் பல உள்ளிருக்கும் காற்றையே சுழற்றுகின்றன, புதுக்காற்றைக் கொணர்வதில்லை. பல திங்கள் பூட்டிக் கிடந்த கட்டடமானால் குழாய்களில் தேங்கிய நீரையும் நன்கு ஓடவிட்டு வெளியேற்றுதல் நலம். அத்தகைய நீரிலும் நுரையீரலைத் தாக்கும் கிருமி பெருகக்கூடும்.

சியோல் நிகழ்ச்சியில் என் மனத்தை மிகவும் வருத்துவது வேறொன்று. நோயுற்ற 97 பேரின் வீட்டாருள் 225 பேரை ஆராய்ந்தனர்; 34 பேருக்கு நோய் இருந்தது. அலுவலகத்துக் காற்று, இரவு உணவு வேளையில் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது.

கொரிய அரசு 2020 மே 6 முதல் மக்களைப் படிப்படியாக அன்றாட வாழ்வுக்குத் திருப்பியது. அப்போது தனிமனிதருக்கென வகுத்த ஐந்து விதிகளுள் முதலாவது, உடல்நலம் குன்றினால் மூன்று நான்கு நாள் வீட்டிலேயே ஓய்வெடுக்க வேண்டும் என்பது. அறையின் காற்றை நாள்தோறும் இருமுறையேனும் மாற்ற வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. சன்னலை யாரும் திறக்கலாம். ஆனால் வராத நாளுக்கு ஊதியம் இல்லையென்றால், காய்ச்சலோடு இருப்பவர் என்ன செய்வார்? மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டு வேலைக்குச் செல்வார். அவரைக் குறை கூற எனக்கு நாவெழவில்லை.

இக்குறையை நீக்க 2022 சூலையில் அந்நாட்டின் ஆறு இடங்களில் நோய்க்கால உதவித்தொகை சோதனை முறையில் தொடங்கப்பட்டது. நாளொன்றுக்கு 43,960 வான். அவ்வாண்டுக் குறைந்தபட்சக் கூலியில் ஏறத்தாழ 60 விழுக்காடு. நல்ல தொடக்கமே. எனினும் மருத்துவமனையில் படுக்காதவர், இடத்துக்கேற்ப 7 நாளோ 14 நாளோ கழிந்த பின்னரே அதைப் பெற முடிந்தது. மூன்று நாள் காய்ச்சலுக்கு வீட்டில் இருந்தவருக்கு அதில் ஒரு வானும் கிடைக்கவில்லை.