பச்சை நிழல் விழுந்த முகம்

மந்தைவெளியில் கபாலி தியேட்டர் இருந்த நாட்களில் அந்தப் பக்கம் போனவர்களுக்குப் பழகிய காட்சி இது: பேனரில் கதாநாயகியின் கன்னம் ரோஜா நிறம், தாடைக்குக் கீழே பச்சை, மூக்கோரம் நீலம். அந்தப் பெண்ணுக்கு என்ன நோய் என்று யாரும் கேட்டதில்லை. அதே நிறங்களைச் சட்டம் போட்டுக் கேலரியில் மாட்டினால் மட்டும் நெற்றியைச் சுருக்குகிறோம்.

1905இல் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ், தன் மனைவியின் முகத்தில் நெற்றி முதல் மூக்கு வரை ஒரு பச்சைப் பட்டையை இழுத்தார். அதே ஆண்டு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் கட்டடக்கலை மாணவர்கள் நால்வர் 'பாலம்' என்ற குழுவைத் தொடங்கினார்கள். எக்ஸ்பிரஷனிச ஓவியம் அங்கே சூடுபிடித்தது. ஒருத்தி எப்படி இருக்கிறாள் என்பதைவிட, அவளைப் பார்க்கையில் ஓவியனுக்குள் என்ன நடக்கிறது என்பதே அவர்களுக்கு முக்கியம்.

ஆனால் பச்சை மூக்கு எப்படி மூக்காகவே தெரிகிறது? நம் கண் மேடு பள்ளத்தைப் பெரும்பாலும் வெளிச்ச வேறுபாட்டை வைத்தே கணிக்கிறது. நிறம் அதற்குப் பிறகுதான். எங்கே வெளிச்சம், எங்கே இருட்டு என்பது சரியாக அமைந்துவிட்டால், முகத்துக்கு எந்த நிறம் பூசினாலும் முகம் குலையாது.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. பாரிஸின் கோபலின் நெசவாலையில் கறுப்பு நூல் மங்கலாகத் தெரிகிறது என்று புகார் வந்தது. சாயத்தில் குறையில்லை, பக்கத்து நூலின் நிறம்தான் காரணம் என்று கண்டுபிடித்தார் வேதியியலாளர் செவ்ரல். 1839இல் அதைப் புத்தகமாக்கினார். சிவப்பின் அருகே பச்சையை வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடும். நம் பேனர்காரர்கள் செவ்ரலைப் படித்திருக்க மாட்டார்கள். ஸ்டில்லில் கட்டம் போட்டு, அதைத் துணியில் பெரிதாக்கி, ஒரு முழ தூரத்தில் நின்று வரைந்தவர்கள். முழு முகத்தையும் பார்க்க வேண்டுமானால் அவர்களே சாலையைக் கடக்க வேண்டும்! எதிர்ச்சாரியிலிருந்து எது எடுபடும் என்பது அவர்கள் கைக்குத் தெரிந்திருந்தது.

1850இல் தொடங்கிய சென்னை ஓவியக் கல்லூரி வழி வந்தவர்கள் வேறு பாதை பிடித்தார்கள். திருவண்ணாமலையில் பிறந்த ஏ.பி. சந்தானராஜின் பெண்ணுருவங்களில் நிறத்தைவிடக் கோடுதான் பேசும். என் கணக்கில், ஐரோப்பியர் நிறத்தில் செய்ததைச் சென்னைக்காரர்கள் கோட்டில் செய்தார்கள்.

அடுத்த முறை கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் போனால், சோழமண்டல ஓவியர் கிராமத்தில் இறங்குங்கள். புரியாத முகம் ஒன்றின் முன் நின்று, நிறம் பின்வாங்கி வெளிச்சமும் இருட்டும் முன்னே வரும்படி கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள்.