கல்நார்க் கூரையைப் பிரிக்கும்போது

நமது பள்ளிகளில் 'ஷீட் கொட்டகை' என்றால் எல்லோருக்கும் தெரியும். மிதிவண்டி நிறுத்துமிடம், சத்துணவுக்கூடம், சில ஊர்களில் வகுப்பறையே கூட, சாம்பல் நிற அலைபோன்ற சிமெண்ட் ஷீட்டின் கீழ்தான் இருக்கிறது. அந்த ஷீட்டில் சிமெண்டுடன் சேர்ந்திருப்பது கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். பொதுவாக நூற்றுக்கு 8 முதல் 10 பங்கு இருக்கும். ஷீட்டின் மேல் ஐ.எஸ். 459 என்ற எண் அச்சிடப்பட்டிருந்தால் அது கல்நார் ஷீட் என்று உறுதியாகச் சொல்லலாம். பழைய ஷீட்டுகளில் அந்த எழுத்து அழிந்து பாசி படிந்திருக்கும். அவற்றையும் கல்நார் என்றே எடுத்துக்கொள்வது நல்லது.

இந்த ஷீட்டுகள் நம் பள்ளிகளுக்கு வந்ததற்கு ஒரு துயரமான காரணமும் உண்டு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகள் இறந்தனர். அதன் பிறகு கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டபோது, தீப்பிடிக்காது, விலையும் குறைவு என்பதால் பல இடங்களில் இந்த ஷீட்டுகள் ஏறின. அன்றைய சூழலில் அதைக் குறை சொல்வதற்கில்லை. பின்னர் 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் எங்கள் குமரி மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்ததும், மாநிலம் முழுவதும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களை இடிக்கும் வேலை வேகம் பிடித்தது. பழைய கூரைகளைப் பிரித்து இறக்கும் வேலையை நாம் அடிக்கடி பார்ப்பது இதனால்தான்.

உடையாத, நல்ல நிலையில் உள்ள ஷீட் அதிகத் தூசியை வெளிவிடாது. அதைச் சுத்தியலால் அடிக்கும்போதும், அறுக்கும்போதும், துளையிடும்போதும், மேலிருந்து தரையில் போடும்போதும்தான் இழைகள் காற்றில் கலக்கின்றன. தலைமுடியைவிட நூற்றுக்கணக்கான மடங்கு மெல்லிய இழைகள் அவை. கண்ணுக்குத் தெரியாது, மணம் கிடையாது, மணிக்கணக்கில் காற்றிலேயே மிதக்கும். நுரையீரலின் அடிவரை சென்று தங்கிவிடும் இழைகளை உடலால் எளிதில் வெளியேற்ற முடிவதில்லை. நுரையீரல் இறுகிப்போகும் ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரல் உறையைத் தாக்கும் மீசோதெலியோமா ஆகிய நோய்கள் இதனால் வருகின்றன. நோய் தெரியப் பெரும்பாலும் 20 முதல் 40 ஆண்டுகள் ஆகும். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் தரும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை.

பிள்ளைகள் விஷயத்தில் இது கூடுதல் கவலை. 5 வயதில் கல்நார்த் தூசிக்கு ஆளாகும் குழந்தைக்கு வாழ்நாளில் மீசோதெலியோமா வரும் வாய்ப்பு, அதே அளவு தூசிக்கு 30 வயதில் ஆளாகிறவரைவிட ஏறத்தாழ 5 மடங்கு என்று 2013-இல் பிரிட்டன் அரசின் புற்றுநோய் ஆய்வுக் குழு கணக்கிட்டது. குழந்தையின் நுரையீரல் அதிகம் பாதிக்கப்படும் என்பதல்ல இதன் பொருள். நோய் முற்றுவதற்கு வேண்டிய ஆண்டுகள் அந்தக் குழந்தைக்கு முன்னால் இருக்கின்றன என்பதே.

பூதப்பாண்டியைச் சுற்றியுள்ள பள்ளி ஒன்றில் நான் பணியாற்றியபோது கோடை விடுமுறைக்கான கூரை வேலை இழுத்துக்கொண்டு ஜூன் மாதத்துக்குள் வந்துவிட்டது. ஒரு நாள் காலை, பக்கத்து அறையில் பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே வேலையாட்கள் துருப்பிடித்த போல்டுகளைக் கழற்ற முடியாமல் ஷீட்டுகளை அடித்து உடைத்துக் கீழே தள்ளினார்கள். பெஞ்சு, புத்தகப் பை, தண்ணீர்ப் பானை மூடி எல்லாவற்றிலும் வெண்ணிறத் தூசி. தூய்மைப் பணியாளர் அக்கா வழக்கம்போல் துடைப்பத்தோடு வந்துவிட்டார். நான் முதலில் தடுத்தது அந்தத் துடைப்பத்தைத்தான். உலர்ந்த தூசியைப் பெருக்கினால், கீழே படிந்தது மீண்டும் எழும்பிவிடும்.

தலைமையாசிரியர் வேலையை நிறுத்தச் சொன்னார். மின்விசிறிகளை அணைத்துவிட்டுப் பிள்ளைகளைப் பைகளில்லாமல் கட்டடத்தின் மறுபக்கம் அழைத்துப் போனோம். கை, முகம் கழுவச் செய்தோம். தரையில் கிடந்த துண்டுகள் மேல் தண்ணீர் தெளித்து நன்றாக நனைத்த பிறகே யாரும் அருகில் போனார்கள். பெஞ்சுகளை ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணிகளை அலசி மீண்டும் பயன்படுத்தாமல் துண்டுகளோடு சேர்த்துக் கனமான பாலிதீன் உறையில் இரண்டு சுற்றாகக் கட்டினோம். சீருடையை உதறாமல் நனைத்துத் தனியாகத் துவைக்கும்படி வீடுகளுக்குச் சொல்லி அனுப்பினோம். நாம் வழக்கமாக அணியும் துணி முகக்கவசம் இந்த இழைகளைத் தடுக்காது என்பதால், அதை நம்பி யாரையும் உள்ளே அனுப்பவில்லை.

மறுநாள் பெற்றோர் கூடினார்கள். "சார், பிள்ளைக்கு எக்ஸ்ரே எடுக்கணுமா?" என்பதே எல்லோருடைய கேள்வியும். எடுத்தாலும் எதுவும் தெரியாது. ஒரு நாள், சில மணி நேரத் தூசியால் வரும் ஆபத்து மிகச் சிறியது. பல ஆண்டுகள் தொடர்ந்து சுவாசித்த தொழிலாளருக்கு வருவதோடு அதை ஒப்பிடவே முடியாது. இதைப் பெற்றோரிடம் நேராகச் சொல்லிவிட வேண்டும். பயமுறுத்தவும் கூடாது, 'ஒன்றுமில்லை' என்று மழுப்பவும் கூடாது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இதுவரை கண்டறியப்படவில்லை என்பதும் உண்மைதான்.

எனக்கு முக்கியமாகப் படுவது அன்று எழுதிய பதிவு. தேதி, எந்த அறை, எத்தனை மணி நேரம், அங்கே இருந்த மாணவர், ஆசிரியர், பணியாளர், வேலையாட்கள் ஆகியோரின் பெயர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்கும் அனுப்பினோம். கல்நார்த் தொழிலாளர் வழக்கில் 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு தொழிலாளரின் உடல்நலப் பதிவையும் குறைந்தது 40 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றது. நோய் அவ்வளவு தாமதமாக வருவதுதான் காரணம். சேர்க்கைப் பதிவேட்டைத் தலைமுறை தலைமுறையாகப் பாதுகாக்கும் நமக்கு இன்னொரு பக்கத்தைப் பாதுகாப்பது பெரிய சுமையல்ல. அன்றைய ஐந்தாம் வகுப்பு மாணவி ஐம்பது வயதில் மருத்துவர் முன் உட்காரும்போது அந்தப் பக்கம் தேவைப்படலாம்.

இந்தியாவில் கல்நாருக்கு முழுத் தடை இல்லை. ஆனாலும் பள்ளிகளைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று அண்டை மாநிலத்தில் 2009-லேயே சொல்லிவிட்டார்கள்: பள்ளிகளின் கல்நார்க் கூரைகளைப் படிப்படியாக மாற்றி ஓடு போட வேண்டும் என்று கேரள மாநில மனித உரிமை ஆணையம் உத்தரவிட்டது. அமெரிக்காவில் 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை பள்ளிக் கட்டடங்களில் கல்நாரைப் பரிசோதித்து எழுதி வைக்க வேண்டும்.

கூரை வேலைக்கு மதிப்பீடு போடும்போதே பொறியாளரிடம் சில வரிகளைச் சேர்க்கச் சொல்லலாம். பிள்ளைகள் இல்லாத நாளில் வேலை, ஷீட்டை நனைத்தபின் போல்டைக் கழற்றி உடையாமல் இறக்குதல், கீழே பாலிதீன் விரித்தல், வேலையாட்களுக்கு உரிய சுவாசக் கவசம். கல்நார் சிமெண்ட் பொருள்களைக் கையாள ஐ.எஸ். 11769, கழிவை அகற்ற ஐ.எஸ். 11768 என்று இந்தியத் தர நிர்ணய வழிகாட்டிகள் இருக்கின்றன. எண்ணைச் சொல்லிக் கேட்டால் பொறியாளர்கள் மறுப்பதில்லை.

இறக்கிய ஷீட்டுகள்தான் பெரிய தலைவலி. நல்ல ஷீட் வீணாகிறதே என்று ஆட்டுக் கொட்டகைக்கும் கோழிக்கூட்டுக்கும் கேட்டு வருவார்கள். மறுப்பது சங்கடம்தான்; ஆனால் கொடுத்தால் நம் மாணவர் வீட்டு முற்றத்திலேயே அது மறுபடி அறுபடும். மைதான ஓரத்தில் குவித்தால் இடைவேளையில் துண்டுகள் பாண்டி விளையாடப் போய்விடும். எங்கள் பள்ளியில் கட்டிய மூட்டைகளைப் பூட்டிய அறையில் வைத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்குக் கடிதம் எழுதினோம். அவை போய்ச்சேர நான்கு மாதம் ஆனது. அதுவரை அந்த அறையின் சாவி தலைமையாசிரியர் மேசையில்தான் இருந்தது.